ஏசி போட்டதும் வீசிய புளித்த வாடை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். ஏசி போட்ட முதல் இரண்டு நிமிடம் ஈரச் சாக்கு நாற்றம் வரும், பிறகு அடங்கிவிடும். சென்ட் பாட்டில் பயன்படவில்லை. ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை மாற்றியும் அதே கதைதான். காரின் உள்ளே ஷாம்பு வாஷ் செய்ததில் வாடை கூடியது.

துப்பு கிடைத்தது வண்டிக்கு அடியில். வெயிலில் 20 நிமிடம் ஏசி ஓடியும் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முன்பக்கப் பயணி கால் வைக்கும் இடத்தில் கார்பெட் மேலே காய்ந்துதான் இருந்தது. தூக்கி அழுத்தினால் அடிப் பஞ்சிலிருந்து தண்ணீர் பிழிந்து வந்தது. ஏசியில் சேரும் தண்ணீரை வண்டிக்கு அடியில் வெளியேற்றும் வடிகுழாய் அடைத்து, தண்ணீர் உள்ளேயே இறங்கியிருக்கிறது.

குழாயின் வெளிமுனை வழியாக நீளமான பிளாஸ்டிக் கேபிள் டையை மெதுவாக விட்டேன். கம்பி வேண்டாம், காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் ஓட்டையாகலாம். கறுப்புச் சேறும் மக்கிய இலையும் வந்தன, பின்னாலேயே தண்ணீர் கொட்டியது. அதன் பிறகே ஃபில்டரைக் கழற்றி, அந்த வழியாகக் காயிலுக்கு ஃபோம் கிளீனர் அடித்தேன். அடைப்போடு அடித்தால் அதுவும் கார்பெட்டில்தான் இறங்கும். பஞ்சை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். வாடை போயே போச்சு, நிம்மதி.

இப்போது இறங்குவதற்கு 3 நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுகிறேன், கூலிங் காயில் ஓரளவு காய்ந்துவிடும்.