எல்.இ.டி வெளிச்சத்தில் பவளம் வளர்ப்பது எப்படி? மண்டபத்திலிருந்து ஒரு செய்முறை

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் தாத்தா வீட்டுப் பின்சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தைத் தடவினால் விரலுக்கு நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் தட்டுப்படும். பவளக்கல். அந்தக் காலத்தில் கடலில் உடைத்துக் கொண்டுவந்து சுவர் எழுப்பினார்கள், மிச்சத்தைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அதே வீட்டில் உயிருள்ள பவளத்தைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது: “சுவத்துல இருக்கிறது போதாதாடா?”

மூன்று வருடமாக வளர்க்கிறேன். முதல் ஆறு மாதம் செய்ததெல்லாம் தப்பு, அதிலும் பெரிய தப்பு விளக்கில். அதனால் விளக்கைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் அதற்குத் தேவையான அளவுக்கு.

ஆரம்பிக்கும் முன்: கடலில் கை வைக்காதீர்கள்

நம் ஊரில் இதை முதலில் சொல்லியாக வேண்டும். கடலட்டை பிடித்தால் வழக்கு பாயும் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பவளத்துக்கும் அதே சட்டம்தான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும் 2001-இல் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரைக்கும் உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிக் கிடக்கிற செத்த பவளத்தைக்கூட எடுத்து வராதீர்கள். தொட்டிக்கு அடியில் போட மணலையும் அள்ள வேண்டாம்.

அப்படியானால் எதை வளர்ப்பது? மென்பவளங்கள். மஷ்ரூம், லெதர், ஜோவாந்தஸ் (கடைகளில் ‘ஜோவா’ என்பார்கள்) மூன்றும் போதும். தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டுகளாகக் கேளுங்கள், எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள், ரசீது வாங்கி வையுங்கள். ரசீது தர யோசிக்கிற கடையில் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தொட்டி, கல், தண்ணீர்

இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 150 லிட்டர். இதைவிடச் சின்னது வாங்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் ஒரே நாளில் ஏறி இறங்கும். கல்லுக்கு, கடையில் கிடைக்கும் செயற்கைப் பாறை 10 முதல் 12 கிலோ. நீரோட்டத்துக்கு மணிக்கு 3000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் ஒன்று.

“கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, உப்பை ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய்?” என்று கேட்காத உறவினர் இல்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கலங்கும், வாடைக் காலத்தில் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் கலங்கும். மழை பெய்தால் கரையோரத் தண்ணீரின் உப்பு குறைந்துவிடும். இதையெல்லாம் கணக்குப் பார்த்து மொள்ளுவதைவிட உப்புப் பொட்டலம் நிம்மதி.

நம் மாவட்டத்தின் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆர்.ஓ தண்ணீர் வேண்டும், அதற்குப் பிறகு மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ என்கிற வடிகட்டியும் வேண்டும். வீட்டில் குடிக்கிற ஆர்.ஓ மெஷினில் டி.டி.எஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 50, 60 என்று நிற்கும். குடிக்க அது சரி, தொட்டிக்குப் பூஜ்யம்தான் வேண்டும். 20 லிட்டர் கேனுக்குச் சுமார் 700 முதல் 750 கிராம் உப்பு. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 அல்லது 1.026 காட்ட வேண்டும்.

கல்லையும் தண்ணீரையும் போட்டு, பாட்டிலில் வரும் பாக்டீரியாவை ஊற்றி, நான்கிலிருந்து ஆறு வாரம் சும்மா விடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை பவளம் வாங்கக் கூடாது. இந்த நாட்களில் விளக்கே போட வேண்டாம். போட்டால் பாசிதான் வளரும்.

சூடு

தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். சித்தப்பா கடலுக்குப் போகிறவர். 2016-இல் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் கூட்டமாக வெளிறியபோது, “பாரெல்லாம் சோறு கொட்டினாப்புல கிடக்கு” என்று கடலடிப் பாறைகளைச் சொன்னார். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் அதுதான் நடக்கும். கடலிலேயே அந்த நிலைமை என்றால் 150 லிட்டர் தொட்டியை நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர்மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நம் கரையில் காற்றில் ஈரம் அதிகம், அதனால் தண்ணீர் ஆவியாவது மெதுவாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் விசிறி மட்டும் போதாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஏ.சி இருக்கும் அறையில் தொட்டியை வையுங்கள். ஆவியாகிப் போன அளவுக்கு உப்புக் கலக்காத அதே ஆர்.ஓ, டி.ஐ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. உப்பு ஆவியாகாது. கரண்ட் போனால் ஓடுவதற்கு பேட்டரி ஏர்பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

விளக்கு

பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் உணவு தயாரித்து, பெரும் பங்கைப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுக்கிறது. கடலில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மறையும், நீலம்தான் கடைசிவரை இறங்கும். அதனால் இந்தப் பாசி நீலத்துக்குப் பழகியது. எல்.இ.டி வாங்கும்போது 420 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள நீலமும் ஊதாவும் அதிகம் இருக்கிறதா, நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். செடி வளர்க்கும் விளக்கு இதற்கு ஆகாது.

வெளிச்சத்தின் அளவைப் ‘பார்’ என்ற கணக்கில் சொல்வார்கள். (நம் கடலோடிகளுக்குப் பார் என்றால் கடலடிப் பாறை. சித்தப்பாவிடம் “பார் எவ்வளவு?” என்று பேசி ஒரு மாலை முழுக்க வீணானது.) மஷ்ரூமுக்கு 50 பக்கம், ஜோவாவுக்கு 80 முதல் 120, லெதருக்கு 100 முதல் 150. அளக்கும் மீட்டர் விலை அதிகம், யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்குங்கள். போனில் இருக்கும் லக்ஸ் செயலியை நம்ப வேண்டாம், நீல வெளிச்சத்தை அது சரியாகக் கணக்கிடாது.

இப்போது என் தப்பு. விளக்குப் பெட்டியின் மேல் ஆரஞ்சும் பச்சையுமாக மின்னும் ஒரு படம். அதைப் பார்த்து முதல் நாளே நீலம் 100 சதவீதம், வெள்ளை 100 சதவீதம் வைத்தேன். மூன்றாம் நாள் ஜோவாக்கள் எல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டன. ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருந்த மஷ்ரூம், சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியது. தண்ணீரில்தான் கோளாறு என்று இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். விளக்கைச் சந்தேகப்படவே இல்லை. எட்டாம் நாள் தற்செயலாக 20-க்கு இறக்கினேன். பத்து நாளில் ஜோவாக்கள் திறந்தன. மஷ்ரூம் பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். விளக்கைத் தண்ணீருக்கு மேல் 10 அங்குலத்தில் தொங்க விடுகிறேன். முதல் வாரம் நீலம் 25, வெள்ளை 5. ஒவ்வொரு வாரமும் நீலத்தை 5 மட்டும் கூட்டுகிறேன், ஏழாவது வாரம் 55 வரும். வெள்ளையை 15-க்கு மேல் ஏற்றுவதில்லை. என் விளக்கின் 55, உங்கள் விளக்கில் 30 ஆக இருக்கலாம். எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், மெதுவாக ஏற்றுவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பவளம் ஒரு வாரம் முகம் சுளித்தால் அடுத்த வாரம் ஏற்றாதீர்கள்.

நேரம் மொத்தம் பத்து மணி. பகல் 11-க்கு நீலம் மட்டும், 1 மணிக்கு வெள்ளையும் சேரும், மாலை 7-க்கு வெள்ளை அணையும், 9-க்கு நீலமும். ஏப்ரல், மே மாதங்களில் இதையே மதியம் 2 முதல் நள்ளிரவு வரை தள்ளிவிடுவேன். உச்சி வெயிலும் விளக்கின் சூடும் ஒன்றாகச் சேராது.

அப்புறம் ஒரு கடலோர விஷயம். உப்புக் காற்று விளக்கின் விசிறியை அரிக்கும், தெறிக்கும் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடையுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு. தொட்டிக்குப் போகும் லைனில், கரண்ட் கசிந்தால் உடனே அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி கட்டாயம்.

பவளத்தை உள்ளே விடும் நாள்

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சில ஜோவாக்களில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. ஒட்டிய கல்லை வெந்நீரில் போடுவது, பிரஷ் வைத்துத் தேய்ப்பது இரண்டும் கூடவே கூடாது. ஆவியும் தெறிப்பும் ஆளையே படுக்க வைக்கும்.

பையை அரை மணி நேரம் மிதக்க விட்டு, பூச்சிகளைப் போக்கும் பவள டிப் மருந்தில் முக்கி அலசி, பை தண்ணீரைக் கீழே கொட்டுங்கள். அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். எல்லாத் துண்டையும் முதலில் அடியில், ஓரத்தில் வையுங்கள். நடுவில் வெளிச்சம் அதிகம். இரண்டு வாரம் கழித்து லெதரை மட்டும் மேலே ஏற்றலாம்.

நிறத்தைப் படிப்பது

ஜோவாவின் தண்டு நீண்டு, எட்டிப் பார்ப்பதுபோல நின்றால் வெளிச்சம் போதவில்லை. நிறம் வெளிறி, சுருங்கினால் வெளிச்சமோ சூடோ அதிகம். பழுப்பாகிவிட்டால் உள்ளே பாசி பெருகிவிட்டது: வெளிச்சம் குறைவு, அல்லது தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் அதிகம். இந்த இடத்தில்தான் பலரும் விளக்கை ஏற்றிவிடுகிறார்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இரண்டையும் பூஜ்யமாக்கினாலும் பவளம் வெளிறும். அதற்கும் கொஞ்சம் சாப்பாடு வேண்டும்.

லெதர் திடீரென்று மெழுகு பூசியதுபோல நான்கைந்து நாள் மூடிக் கிடந்தால் பயப்படாதீர்கள். அது தோல் உரிக்கிறது. நீரோட்டம் நன்றாகப் படட்டும், தானாகத் திறக்கும்.

வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றினால் மென்பவளத்துக்குக் கால்சியம் அது இது என்று தனியாக எதுவும் ஊற்றத் தேவையில்லை. டி.கே.எச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) மட்டும் 8, 9-இல் நிற்கிறதா என்று பாருங்கள்.

போனில் படம் எடுத்தால் எல்லாம் ஒரே நீலமாக வரும். கேமரா முன் ஆரஞ்சு நிற ஃபில்டர் ஒன்றை வைத்து எடுங்கள். நான் முதலில் மிட்டாய்த் தாளை வைத்துத்தான் எடுத்தேன். விளக்கை மெதுவாக ஏற்றத் தொடங்கிய நான்காவது மாதம் அந்தத் தாள் வழியாகப் பார்த்தபோது, ஜோவாவின் நடு வட்டம் ஆரஞ்சு, ஓரம் பச்சை, பெட்டிமேல் இருந்த அதே படம். விளக்கில் நீலத்தின் அளவைப் பார்த்தேன், 55. இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.