வண்ணக் குகைக்குள் முதல்முறை போகிறீர்களா? நிறங்களை இப்படிப் பாருங்கள்

சுண்ணாம்புக் குகைக்குப் போய்வந்த பலருக்கு நினைவில் நிற்பது அங்கே மாட்டியிருந்த வண்ண விளக்குகள்தான். கல்லின் சொந்த நிறத்தைப் பார்க்காமலே திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அதற்காகவே இந்தச் செய்முறை.

1. உடை: குகைக் காற்றின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறாது. ஸ்லோவீனியாவின் போஸ்டோய்னா குகையில் கோடையிலும் சுமார் 10 டிகிரிதான். ஒரு ஸ்வெட்டரும் வழுக்காத ஷூவும் போதும். அந்த ஷூவோடு ஏற்கெனவே வேறு குகைக்குப் போயிருந்தால் நன்றாகக் கழுவிவிடுங்கள். வௌவால்களைக் கொல்லும் பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டு வரலாம்.

2. உள்ளே போனதும் செல்போனைப் பையில் வையுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும்.

3. இப்போது நிறம். வழிகாட்டியிடம் கேட்டு, வெள்ளை வெளிச்சம் படும் இடத்தில் நில்லுங்கள். குகைக் கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் தூயதாக இருந்தால் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ இருக்கும். இரும்பு கலந்தால் மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு. மேல்மண்ணில் மக்கிய இலைதழைகளிலிருந்து கரைந்து வருபவை தேன் நிறம் தரும். கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசு. செம்பு தரும் நீலமும் பச்சையும் அரிது. ஆனால் விளக்கைச் சுற்றி மட்டும் பச்சை படர்ந்திருந்தால் அது கனிமம் இல்லை, அந்த வெளிச்சத்தில் வளர்ந்த பாசி. இந்த ஒன்றைப் பிரித்தறியப் பழகினாலே பார்வை மாறிவிடும்.

4. அப்புறம், கூரையிலிருந்து தொங்கும் ஒரு கல்விழுதின் நுனியைத் தேர்ந்தெடுத்து, சொட்டு விழும்வரை காத்திருங்கள். மண்ணில் கரியமில வாயுவை ஏந்தி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கிய நீர் அது. குகைக் காற்றில் வாயு வெளியேறியதும் சுண்ணாம்பு துளித்துளியாய்ப் படிகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தாலும், விரல் நீளத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஆகும். நுனி ஈரமாக இருந்தால் இன்னும் வளர்கிறது என்று கொள்ளலாம்.

5. தொடாதீர்கள், ஒரு விரலால்கூட. தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் கறை ஏறும், சுண்ணாம்பும் சரியாகப் படியாது.

6. படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். போனைக் கைப்பிடிக் கம்பியில் ஊன்றி, டைமர் வைத்து எடுங்கள்.

சில குகைகளில் வழிகாட்டி கொஞ்ச நேரம் எல்லா விளக்கையும் அணைப்பார். அப்போது போனை எடுக்காமல், சொட்டும் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.