‘என் தரவை அழித்துவிடுங்கள்’ என்று கடிதம் வருமுன்: தரவுப் பட்டியல் போடும் முறை

வாடிக்கையாளர் ஒருவர் இப்படி எழுதினால், ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். அதையும் முதல் மாதத்துக்குள்ளேயே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். சட்டவிதிகளை நிறுவனம் பின்பற்றுகிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் மேலாளர் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருக்கலாம். ஆனால் அந்த வாடிக்கையாளருடைய தரவு எங்கெங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

1. ஓர் எக்செல் தாளைத் திறங்கள். என்ன தரவு, யாருடையது, எதற்காக, எங்கே இருக்கிறது, யாருக்குப் போகிறது, எப்போது அழிப்போம், யார் பொறுப்பு என்று தலைப்புப் போடுங்கள். ஜிடிபிஆரின் 30-ஆவது பிரிவு கேட்கும் பதிவேட்டில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். தரவைத் தேடித்தரும் விலையுயர்ந்த மென்பொருளை இப்போதே வாங்காதீர்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பிறகுதான் அதனால் பயன்.

2. டேட்டாபேஸ் விவரங்களை ஐடி பிரிவிடம் வாங்கி நிரப்புங்கள்.

3. அப்புறம் நகல்கள். என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். விற்பனைப் பிரிவு மாதாமாதம் இறக்கிவைக்கும் சிஎஸ்வி (அட்டவணை) ஃபைல், மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்ட் சர்வரில் கிடக்கும் உண்மையான பதிவுகள், புகார் டிக்கெட்டோடு வந்த அடையாள அட்டைப் படம் என்று எதுவும் ஐடி பட்டியலில் இருக்காது. “உங்களிடம் தனிநபர் தரவு இருக்கிறதா?” என்று கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். “திங்கட்கிழமை காலையில் எந்த ஃபைலைத் திறப்பீர்கள்?” என்று கேளுங்கள், தானாக வெளிவரும். கிடைத்த ஒவ்வொரு நகலுக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரை எழுதுங்கள். யாரும் பொறுப்பேற்காத நகலை, சட்டப்படி வைத்திருக்கத் தேவையில்லை என்று உறுதிசெய்துகொண்டு அழித்துவிடலாம்.

4. ஒத்திகை பாருங்கள். சக ஊழியர் ஒருவர் சம்மதித்தால், அவர் தரவைப் பட்டியலை மட்டும் வைத்துத் தேடுங்கள். பிறகு பட்டியலில் இல்லாத இடத்தில் ஏதாவது அகப்பட்டால் புது வரிசை சேருங்கள். தரவுக் கசிவு நேர்ந்தால், அது தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்புக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போதும் இதே தாள்தான் கைகொடுக்கும்.

பிற்சேர்க்கை: பேக்கப்பை (பாதுகாப்புக்காக எடுத்துவைக்கும் நகலை) என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதிலிருந்து ஒருவருடைய பதிவை மட்டும் நீக்குவது பல அமைப்புகளில் கடினம். தரவு அழிக்கப்பட்டவர்களின் வாடிக்கையாளர் எண்களைத் தனியாகக் குறித்துவையுங்கள்; பேக்கப்பை மீட்டெடுத்தவுடன் அந்த எண்களுக்குரிய பதிவுகளை மறுபடி அழிக்க வேண்டும். பேக்கப் சுழற்சி முடிந்து பழைய பேக்கப்கள் போனதும் அந்தக் குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.