மலையகத்தில் இருந்து ப்ளாக் எழுதிக் காசு பார்ப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ப்ளாக் தொடங்கும் பலர் முதல் நாளே கூகுள் விளம்பரத்துக்கு விண்ணப்பிக்க ஓடுகிறார்கள். தமிழில், அதுவும் இலங்கை வாசகருக்கு எழுதும் ஒருவருக்கு அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே விளங்கும்.

கூகுளின் விளம்பரத் திட்டமான அட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்பும். ஆயிரம் பக்கப் பார்வைக்கு அரை டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டாலருக்கு 2 இலட்சம் பார்வை வேண்டும். நாளொன்றுக்கு 300 பேர் ஒவ்வொரு பக்கம் பார்த்தால் ஏறக்குறைய 22 மாதம் ஆகும். அதே 300 பேரில் ஒரு மாதத்தில் இரண்டு பேர் உங்கள் பதிவைப் பார்த்து எல்ல என்ற ஊரில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை எடுத்தால், அந்த வீட்டுக்காரர் உங்களுக்கு அந்த மாதமே காசு தரத் தயாராக இருப்பார். ஆகவே முதலில் உள்ளூர் வருமானம், பிறகு கூகுள். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. எதை எழுதுவது

வருமானத்தில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. சினிமாச் செய்தியும் ராசிபலனும் வேண்டாம்; அவற்றைப் பெரிய தளங்கள் நிமிடத்துக்கு ஒன்றாகப் போடுகின்றன. மலையகத்தில் இருப்பவருக்குச் சாதாரணமாகத் தெரிந்து, வெளியே இருப்பவர் தேடி அலையும் தகவல்தான் உங்கள் கைமுதல்.

பயணத்தை எடுத்துக்கொள்வோம். சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பரில் உந்துவப் போயாவோடு தொடங்கி மே மாத வெசாக் போயாவரை நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ குடும்பத்தோடு வருபவருக்கு என்ன தெரிய வேண்டும்? ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு எப்படிப் போவது, இரவு எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்கலாம், முழங்கால் வலி உள்ள அம்மாவை எதுவரை கூட்டிப் போகலாம், மேலே எவ்வளவு குளிரும். இவற்றை ஒருவர் தமிழில் ஒழுங்காக எழுதினால் அந்தப் பதிவு ஒவ்வொரு வருடமும் வேலை செய்யும்.

இன்னொரு துறை பரீட்சை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரம். தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை நெடுநாள் குறை. ஒரு கணக்கைப் படிப்படியாக விளக்கும் தமிழ்ப் பக்கம் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும்.

மூன்றாவது, ஆவணங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் தொழில் தருநர் 12 சதவீதமும் செலுத்துகிறார்கள். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதை எடுக்கலாம். ஆனால் அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோட்டப் பதிவில் இன்னொரு பெயரும் இருந்தால் என்ன செய்வது என்றுதான் ஆட்கள் தவிக்கிறார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போய் நீலகிரியில் குடியேறிய குடும்பங்களிலும் பழைய பிறப்புப் பதிவைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய பதிவுகளால் நேரடி வருமானம் குறைவு. வாசகரைக் கொண்டுவருவதில் இவற்றுக்கு நிகர் இல்லை. விதிகள் மாறும் என்பதால் பதிவின் தலையில் ‘கடைசியாகத் திருத்திய திகதி’ போடுங்கள்.

மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் ஒரே ப்ளாக்கில் கலந்தால் விளம்பரம் தரும் கடைக்காரருக்கு யார் வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

2. ப்ளாக்கை அமைத்தல்

கூகுளின் ப்ளாக்கர் இலவசம், தொடங்குவதற்குப் போதும். வேர்ட்பிரஸ் டொட் கொம் தளத்தின் இலவசத் திட்டத்தில் அட்சென்ஸ் போட முடியாது. இது தெரியாமல் ஒரு வருடம் எழுதிவிட்டு இடம் மாறுவது பெரிய தலையிடி. சொந்த முகவரி, அதாவது டொமைன், பிறகு வாங்கி ப்ளாக்கரில் இணைக்கலாம்.

எழுத்துருவில் கவனம் தேவை. அச்சகத்திலோ பாடசாலையிலோ தட்டச்சு செய்த ஆவணங்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். பாமினி எழுத்தை அப்படியே ப்ளாக்கில் ஒட்டினால் வாசகருக்கு ஆங்கில எழுத்துகள் சிதறியதுபோலத் தெரியும், கூகுள் தேடலிலும் அகப்படாது. முதலில் யூனிகோட் மாற்றியில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். போனில் எழுதுபவருக்கு ஜிபோர்ட் விசைப்பலகையின் தமிழே யூனிகோட்தான்.

படங்களைப் போனில் எடுத்த அளவிலேயே ஏற்றாதீர்கள். 4 எம்.பி. படம் ஐந்து இருந்தால், சிக்னல் குறைந்த தோட்டத்தில் பக்கம் திறப்பதற்குள் வாசகர் போய்விடுவார். அகலம் 1,000 பிக்ஸலுக்குக் குறைத்து, ஒரு படம் 150 கே.பி.க்குள் இருக்கும்படி பாருங்கள்.

3. முதல் வருமானம்: உள்ளூர் விளம்பரம்

பத்துப் பன்னிரண்டு நல்ல பதிவுகள் வந்ததும், ப்ளாக்கரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து கடந்த 30 நாள் பார்வைகளை ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். பிறகு உங்கள் பதிவில் ஏற்கெனவே பெயர் வரும் இடங்களுக்குப் போங்கள்: நல்லதண்ணியில் தங்குமிடம், பண்டாரவளையில் வேன் ஓட்டுபவர், நுவரெலியாவில் ஹோம்ஸ்டே. ‘அண்ணே, மாதம் இத்தனை பேர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள், உங்கள் இலக்கத்தை இங்கே போடலாமா’ என்று கேட்பதே போதும். முதல் மாதம் இலவசமாகப் போட்டுக் காட்டி, அழைப்பு வந்தால் அடுத்த மாதத்தில் இருந்து ஒரு தொகை பேசுங்கள். 1,500 ரூபாவில் தொடங்குவது இருவருக்கும் சுமையில்லை.

அழைப்பு உங்கள் ப்ளாக்கில் இருந்துதான் வந்தது என்று எப்படிக் காட்டுவது? வட்ஸ்அப் இணைப்பு இதற்கு அருமையான வழி. இலக்கத்தோடு ஒரு வாசகத்தையும் இணைப்பில் சேர்த்துவிடலாம். வாசகர் அழுத்தியதும் ‘ப்ளாக் பார்த்து எழுதுகிறேன், அறை இருக்கிறதா?’ என்று தானாகவே வரும். கடைக்காரர் அந்த வாசகத்தோடு வந்தவற்றை எண்ணினால் சரி. இங்கே வழமையாக நடக்கும் பிழை ஒன்று: நாட்டு இலக்கம் 94 போட்ட பின், போன் இலக்கத்தின் முன்னால் உள்ள 0-ஐ நீக்காமல் அப்படியே வைப்பது. 0 இருந்தால் இணைப்பு வேலை செய்யாது. போடும் முன் இன்னொருவரின் போனில் அழுத்திப் பாருங்கள்.

காசு வாங்கிப் போட்டதற்கு மேலே ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதுங்கள். அது வாசகருக்கு நாம் காட்டும் மரியாதை. இணைப்பு போடும்போது ப்ளாக்கரில் வரும் ‘நோஃபாலோ’ கட்டத்தையும் தெரிவு செய்யுங்கள். காசுக்குப் போட்ட இணைப்பை அப்படிக் குறிக்காவிட்டால் தேடலில் உங்கள் பக்கத்தைக் கூகுள் கீழே தள்ளலாம்.

காலம் பார்த்து எழுதுவது முக்கியம். புதிய பதிவு தேடலில் மேலே வரச் சில மாதங்கள் பிடிக்கும். மலைப் பருவத்துக்கு செப்டெம்பரிலும், நுவரெலியாவின் ஏப்ரல் பருவத்துக்கு ஜனவரிக்கு முன்பும் பதிவு ஏறியிருக்க வேண்டும். மண்சரிவால் வீதியோ ரயிலோ நின்றால் அன்றே பதிவைத் திருத்துங்கள். பழைய நேர அட்டவணையை நம்பி நானுஓயாவில் பிள்ளைகளோடு காத்திருந்த ஒருவர் உங்கள் ப்ளாக்கை மீண்டும் திறக்க மாட்டார்.

4. பயிற்சித் தாள் விற்பது

பரீட்சைத் துறையை எடுத்தவர்களுக்கு இதுதான் நல்ல வழி. கடந்தகால வினாத்தாளை ஸ்கேன் செய்து விற்காதீர்கள். அதன் உரிமை உங்களுடையதல்ல. அதே வகை வினாக்களை நீங்களே ஆக்கி, விடையை விளக்கத்தோடு எழுதுங்கள். ஒரு அலகுக்கு 20 வினா, 4 பக்க விளக்கம் என்று சின்னதாக இருக்கட்டும். முதல் அலகை ப்ளாக்கில் இலவசமாகக் கொடுத்துவிட்டு மற்றவற்றை விற்கலாம்.

பணத்தை வங்கிக் கணக்குக்கோ ஈஸி கேஷ் வழியாகவோ வாங்கி, பி.டி.எப். கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்புவது இலகு. சிக்கல், ஒருவர் வாங்கி இருபது குழுக்களுக்கு அனுப்பிவிடுவார். முழுதாகத் தடுக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவரின் பெயரைப் போட்டு அனுப்பினால் கணிசமாகக் குறையும்.

பெற்றோரில் பலர் போனில் கோப்பு வாங்குவதைவிடக் கையில் தாளாக வாங்கவே விரும்புகிறார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கொமியுனிகேஷன் கடையோடு பேசுங்கள். ஒரு கட்டு பிரதி எடுக்க 200 ரூபா செலவாகிறது என்றால், விலை 350 வைத்து, கடைக்கு 50 கொடுத்தால் உங்களுக்கு 100 மிஞ்சும். மூலப் பிரதியை அங்கேயே விட்டுவராமல், எண்ணி அச்சடித்த கட்டுகளைக் கொடுங்கள். இல்லாவிட்டால் எத்தனை விற்றது என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

5. கூகுள் அட்சென்ஸ்

இப்போதுதான் இதற்கு நேரம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கூகுள் 2018 பெப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டதால் தமிழ்ப் பதிவுகள் தடையல்ல. இத்தனை பதிவு வேண்டும் என்று எண்ணிக்கை எதுவும் இல்லை என்றாலும், சொந்தமாக எழுதிய இருபது பதிவாவது இருக்கட்டும். ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்பு’, ‘தனியுரிமைக் கொள்கை’ என்ற மூன்று பக்கங்களையும் சேர்த்துவிட்டு, ப்ளாக்கரின் ‘வருமானம்’ பகுதியில் இருந்து விண்ணப்பியுங்கள். பதில் வழமையாகச் சில நாளில் வரும். சிலருக்கு 2 முதல் 4 கிழமை ஆகும். மறுத்தால் பெரும்பாலும் காரணம் பிற தளத்தில் இருந்து எடுத்து ஒட்டிய பதிவுதான். அதை நீக்கிவிட்டு மீண்டும் கேளுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் முகவரி. வருமானம் 10 டாலரைத் தொட்டதும் ஒரு இரகசிய இலக்கத்தைக் கூகுள் தபாலில் அனுப்புகிறது. முதல் இலக்கம் உருவாகி 4 மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். லயத்துக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய் அங்கேயே கிடக்கும், அல்லது ஒரே பெயருள்ள இன்னொருவர் கைக்குப் போகும். ஆகவே கணக்குத் திறக்கும்போதே, டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு அந்த முகவரியைக் கொடுங்கள். முதல் வரியில் உங்கள் பெயர், அடுத்து ‘மேற்பார்வை’ (C/O) என்று கடையின் பெயர், வீதி, ஊர், தபால் குறியீடு: ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பண்டாரவளை 90100, பதுளை 90000. எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று கிழமையில் கடிதம் வராவிட்டால் மீண்டும் கேட்கலாம். பலமுறை கேட்டும் வராவிட்டால் அடையாள அட்டையின் படத்தை ஏற்றி உறுதிப்படுத்தும் வழி திறக்கும்.

பெயரும் அப்படித்தான். அட்சென்ஸில் கொடுக்கும் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். வங்கியில் முதலெழுத்தோடு ஒரு மாதிரி, அடையாள அட்டையில் அப்பாவின் பெயரோடு இன்னொரு மாதிரி இருந்தால் பணம் திரும்பிப் போகும். கணக்கே இல்லாதவர்கள் இப்போதே திறந்துவிடுங்கள். மின்கட்டணப் பட்டியல் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழை எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கிக்கொண்டு போங்கள். வங்கியில் அதன் ஸ்விப்ட் குறியீட்டையும், வெளிநாட்டுப் பணம் வந்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 100 டாலரைத் தாண்டிய மாதத்துக்கு அடுத்த மாதம் 21 முதல் 26ஆம் திகதிக்குள் கூகுள் பணத்தை அனுப்பும். கணக்கில் விழ மேலும் சில நாள் செல்லும்.

சொந்த விளம்பரத்தை நீங்களே அழுத்துவது, வட்ஸ்அப் குழுவில் ‘எல்லாரும் ஒருக்கா அழுத்துங்கள்’ என்று கேட்பது, இரண்டும் கணக்கை மூடவைக்கும். மூடிய கணக்கை மீட்பது மிகக் கடினம், சேர்ந்த பணமும் போகும். தம்பி தங்கைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர்கள் உதவி என்று நினைத்துச் செய்வார்கள். முகநூலில் ‘அனுமதி கிடைத்த கணக்கு விற்பனைக்கு’ என்று வருவதையும் வாங்காதீர்கள். கணக்கை இன்னொருவருக்குக் கைமாற்ற விதியில் இடமில்லை.

6. பொருள் பரிந்துரைத்துத் தரகு

உங்கள் இணைப்பை அழுத்தி வாசகர் பொருள் வாங்கினால் உங்களுக்குத் தரகு தரும் திட்டங்கள் உள்ளன. அமேசானின் அத்தகைய திட்டத்தில் சேர்ந்து 180 நாளுக்குள் 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுகிறார்கள். இலங்கை வாசகர் அங்கே வாங்குவது அரிது என்பதால் தமிழ் ப்ளாக்குக்கு இது சரிவராது. வேறு எந்தத் திட்டமானாலும் சேரும் முன் பணம் எப்படி வரும் என்று பாருங்கள். இலங்கைக் கணக்கில் பேபால் வழியாகப் பணம் பெறுவது நெடுங்காலம் முடியாமலே இருந்தது. பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை அல்லது நேரடி வங்கி மாற்று உள்ள திட்டமே பாதுகாப்பு.

7. கணக்கும் வரியும்

ஒரு கொப்பியில் திகதி, யாரிடம் இருந்து, எவ்வளவு, எந்த வழியில் என்று நான்கு நிரல் போதும். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவரை வருமான வரி விலக்கு உண்டு. சம்பளம் வாங்குபவர்கள் ப்ளாக் வருமானத்தையும் அதோடு கூட்டிப் பார்க்க வேண்டும். டாலரில் வந்த தொகையை, வங்கியில் விழுந்த நாளின் ரூபா மதிப்பில் எழுதி, வங்கிச் சீட்டையும் அதே பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.