ராமேஸ்வரத்திலிருந்து கேதார்நாத்: ஸ்வெட்டருக்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் பிறந்து வளர்ந்த நமக்கு உயரம் என்றால் பாம்பன் பாலத்தின் மேல் நின்று கடலைப் பார்ப்பது, மிஞ்சிப்போனால் கொடைக்கானல். ராமநாதரைக் கும்பிட்ட கையோடு கேதார்நாத்தையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஸ்வெட்டர், குரங்குக்குல்லா, புளிக்காய்ச்சல் வரை ஞாபகமாக எடுத்துவைக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் யாரும் செய்துகொள்வதில்லை. அதைத்தான் முதலில் செய்யுங்கள், அதுவும் இரண்டு மாதம் முன்பே.

கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் நம்ம ஊர் மாதிரி 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும், அதனால் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜனும் அவ்வளவுதான். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுபோன காராச்சேவு பாக்கெட் மேலே போனதும் பேத்தை மீன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

இப்போது மீன் ஏலக்கூடத்தில் கூடை சுமக்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆள் ஹீமோகுளோபின். மலையேறினால் கூடை நிரம்பாமலே கிளம்பும், ரத்தம் போனால் ஆளே குறைந்துவிடும். ஏதாவது ஒன்று என்றால் இதயம் வேகமாக அடித்து, மூச்சும் வேகமாக வாங்கி, உடம்பு எப்படியோ சமாளித்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் சிக்கல். ஹீமோகுளோபின் 14 கிராம் இருப்பவருக்கு ஊரில் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 18 மில்லி ஆக்சிஜன் ஓடும். அதுவே 9 இருப்பவர் மேலே போய், ஆக்சிமீட்டர் 88 சதவீதம் காட்டுகிறது என்றால், அவர் ரத்தத்தில் பத்தரை மில்லிதான்.

இதில் ஆக்சிமீட்டரை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. விரலில் மாட்டும் அந்தக் கருவி கூடை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எத்தனை பேர் சுமக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. 14 இருப்பவருக்கும் 88 காட்டும், 9 இருப்பவருக்கும் 88 காட்டும். (விரல் சில்லிட்டிருந்தால் அந்த எண்ணும் தப்பாக வரும்.)

மேலே போனால் உடம்பே புது ரத்தம் ஊறவைக்கும் என்பார்கள். பொய்யில்லை, ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும், நீங்கள் தங்கப்போவதோ ஒரு ராத்திரி. அதனால் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறவர்கள், மூலத்தில் ரத்தம் போகிறவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ரத்ததானம் நல்ல காரியம்தான், ஆனால் பயணத்துக்கு முந்தைய இரண்டு மாதம் வேண்டாம்: கொடுத்த 350 மில்லியில் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணு திரும்ப நான்கிலிருந்து எட்டு வாரம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, பாசி எடுக்க முங்குகிறவள், சங்கு குளித்தவன், எனக்கா மூச்சு வாங்கும் என்று கேட்பவர்கள் உண்டு. மூச்சடக்கும் பழக்கம் வேறு, இது வேறு. நடை தொடங்கும் கௌரிகுண்ட் ஏறக்குறைய 2,000 மீட்டர், அந்தப் பக்கம் ஓரிரண்டு நாள் தங்கி, அப்புறம் ஏறுங்கள். ஹெலிகாப்டரில் போனால் உடம்பு பழக நேரமே கிடைக்காது. தலைவலியும் குமட்டலும் இறங்கியவுடன் தெரியாது, பல மணி நேரம் கழித்து, படுக்கிற நேரத்தில்தான் வரும்.

மேலே போனபோது என் மச்சானுக்கு மூக்கில் ரத்தம். வெளியே அழுத்தம் குறைந்ததால் பீய்ச்சுகிறது என்று கூட வந்த ஒருவர் விளக்கம் சொன்னார், அதெல்லாம் இல்லை, காய்ந்த குளிர்காற்றில் மூக்கின் உள்தோல் வெடித்துவிடுகிறது. மச்சான் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டதில் ரத்தம் தொண்டைக்குள் இறங்கி, முழுங்கி, வாந்தி எடுத்து, அதைப் பார்த்து அக்காவுக்கு மயக்கம். செய்ய வேண்டியது இதுதான்: உட்கார்ந்து முன்பக்கம் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பிடித்து, வாயால் மூச்சு விட்டபடி 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். வராமலிருக்க, படுக்கும் முன் மூக்கின் உள்விளிம்பில் லேசாக வாசலின்.

வெட்டுக்காயம் என்றால் காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம், சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. ஆளைக் கம்பளியில் சுற்றுங்கள், கீழேயும் ஒன்று விரியுங்கள், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தம்தான் மோசம். வெறும் வயிற்றில் வலி மாத்திரையாகப் போட்டு, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் வயிற்றுக்குள் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அது வேறு). சாதாரணமாக ரத்தம் போனால் முதலில் நாடி வேகமெடுக்கும், ஆனால் மலையில் எல்லோருக்குமே நாடி வேகமாகத்தான் இருக்கும் என்பதால் அந்த அறிகுறியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தால் அது நுரையீரலில் நீர் கோத்தது. தரிசனம் பாக்கி இருந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் அங்குள்ள மருத்துவ முகாமில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லி, ஆளை நடக்கவிடாமல் தூக்கியே கீழே இறக்குங்கள்.