பழைய லாரியில் உடைந்த பெல்லோஸை நாமே மாற்றலாம்

லாரியை ஸ்டார்ட் செய்ததும் கேபினுக்கு அடியிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம். மேடு ஏறும்போது உள்ளே புகை நெடி. பிக்கப்பும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். உடனே எல்லோரும் சைலன்சர் போய்விட்டது என்பார்கள். குனிந்து பார்த்தால், பல நேரம் உடைந்திருப்பது சைலன்சருக்கு முன்னால் இருக்கும் பெல்லோஸ்தான்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஓடும்போது ஆடிக்கொண்டே இருக்கும். சைலன்சரோ சேஸிஸோடு கட்டப்பட்டது. ஆடுவதையும் ஆடாததையும் நேர்க்குழாயால் இணைத்தால் குழாயில் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் நடுவில் மடிப்பு மடிப்பாக, வளைந்து கொடுக்கிற இந்தத் துண்டை வைக்கிறார்கள். ஆக, பெல்லோஸ் சீக்கிரம் உடைகிறது என்றால், அதன் இரு பக்கமும் இருக்கும் ஏதோ ஒன்று அளவுக்கு மேல் ஆடுகிறது என்று அர்த்தம். முதல் தடவை நான் மாற்றியபோது இது புரியவில்லை. புதுசு போட்டு மூன்றே மாதத்தில் அதே இடத்தில் கிழிந்தது. பெல்லோஸ் மட்டம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் ஒன்று நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். இந்த முறை சாதாரணக் குழாயும் சைலன்சரும் மட்டும் உள்ள பழைய டீசல் லாரிகளுக்கு. யூரியா டேங்க், புகை வடிகட்டி, சென்சர் எல்லாம் உள்ள வண்டியில் இப்படிக் கை வைக்க வேண்டாம்.

கசிவு எங்கே?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். குளிரில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் மேனிபோல்டு (எஞ்சினிலிருந்து வரும் புகையைச் சேர்த்து அனுப்பும் பாகம்) கேஸ்கெட்டை, அதாவது இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகட்டைச் சந்தேகப்படலாம். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. சூடான பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, டார்ச் அடித்துக் கரியைத் தேடுங்கள். கசியும் இடத்தைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்திருக்கும். அப்படியே மவுண்டிங் ரப்பர்களையும், சைலன்சரைத் தாங்கும் பட்டைகளையும் பாருங்கள். சைலன்சரைக் கையால் ஆட்டினால் 'லொட லொட' என்று ஆடக் கூடாது. அங்கே கோளாறு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பெல்லோஸ்.

சத்தம்தானே, போகட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஓட்டும்போது காரணமில்லாமல் தலைவலி வந்தால் கசிவையும் யோசியுங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது.

அளவு எடுப்பது

வண்டிப் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. பழைய வண்டியில் யார் யாரோ என்னென்னவோ மாற்றியிருப்பார்கள். குழாயின் விட்டம், ஒரு பிளேஞ்ச் (குழாய் முனையில் போல்ட் போடும் தட்டையான விளிம்பு) முகத்திலிருந்து அடுத்த முகம் வரை நீளம், போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, எதிரெதிர் ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விட்டத்தை உள்ளளவா வெளியளவா என்று சேர்த்தே எழுதுங்கள். இரண்டு கேஸ்கெட், புது நட்டு போல்ட், சூடு தாங்கும் செம்பு கிரீஸ் ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள். பழைய நட்டைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

கழற்றுவது

மொத்த வேலையில் முக்கால்வாசி இதுதான். முந்தின நாளே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் காலை இன்னொரு தடவை அடியுங்கள்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பல லாரிகளில் தூக்காமலே அடியில் படுத்து வேலை செய்யலாம். தூக்கியே ஆக வேண்டுமென்றால் வண்டியின் எடை, ஜாக் ஸ்டாண்டின் மேல் இறங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; மேலே பார்த்து வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

கடைசி போல்ட்டுக்குக் காத்திருக்காமல், முதலிலேயே சைலன்சருக்கு முட்டுக் கொடுங்கள். அப்புறம் ரிங் ஸ்பானரோ ஆறு முனை சாக்கெட்டோ போட்டு, முதலில் நட்டை இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசையுங்கள். துரு 'டக்' என்று விடும். பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். கொஞ்சம் வந்து பிடித்துக்கொண்டால் முறுக்காமல், முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள்.

நட்டின் முனை மழுங்கிவிட்டதா? பிளேஞ்சில் இருப்பது ஊடுருவும் போல்ட்தான் என்பதால் கிரைண்டரால் அறுத்துத் தள்ளலாம். ஆனால் பக்கத்தில் டீசல் லைன், பிரேக் காற்றுக் குழாய், ஒயரிங் எல்லாம் ஓடும். அவற்றை ஈரச் சாக்கால் மூடி, தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு அறுங்கள். மேனிபோல்டு ஸ்டட் (தலையில்லாமல் மேனிபோல்டிலேயே முடுக்கியிருக்கும் போல்ட்) முறிந்தால் கதை வேறு. அதைத் துளை போட்டு எடுப்பது பழகிய கைக்கான வேலை. புதியவர்கள் அங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

புதுசு பூட்டுவது

பிளேஞ்ச் முகங்களில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, இரும்பு ஸ்கேலை வைத்து மட்டம் பாருங்கள். பெல்லோஸில் அம்புக்குறி இருந்தால் அது புகை போகும் திசையை, அதாவது சைலன்சர் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கேஸ்கெட்டோடு தூக்கி வைத்து, மரையில் கிரீஸ் தடவிய போல்ட்டுகளை விரலால் மட்டும் முடுக்குங்கள்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஓட்டைகள் நேராகவில்லை என்று பெல்லோஸை இழுத்தோ, அமுக்கியோ, முறுக்கியோ பூட்டினால் அதன் ஆயுள் அன்றைக்கே பாதி போய்விடும். சைலன்சர் கிளாம்ப்பைத் தளர்த்தி, சைலன்சரைத்தான் நகர்த்திச் சேர்க்க வேண்டும். பெல்லோஸ் தன் இயல்பு நீளத்தில், முறுக்கு இல்லாமல் நிற்கும்போது எஞ்சின் பக்க போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அடுத்து சைலன்சர் பக்கம். கிளாம்ப் கடைசியில். குழாயை ஒட்டி ஒயரோ காற்றுக் குழாயோ இருந்தால் விலக்கிக் கட்டிவிடுங்கள்.

சரி, இப்போது திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். பெல்லோஸில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு கருகிக் கொஞ்ச நேரம் புகையும், அதற்குப் பயப்பட வேண்டாம். இணைப்பிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டிப் பாருங்கள்; கசிவு இருந்தால் சூடான காற்று தெறிப்பது தெரியும். தொட மட்டும் வேண்டாம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, முழுக்க ஆறியபின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். முதல் சூட்டில் கேஸ்கெட் அமுங்குவதால் கொஞ்சம் வாங்கும். ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்து, இணைப்பைச் சுற்றிப் புதுக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.