பழைய கல்யாண சிடி ஓடவில்லையா?

பீரோவில் கிடக்கும் கல்யாண சிடியைத் தேடி எடுத்தால், எல்லோரும் முதலில் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்போம், ஆனால் சிடி-ஆரில் (ஒரே ஒரு முறை பதிவு செய்யக்கூடிய சிடி, கல்யாண சிடி பெரும்பாலும் இதுதான்) பயப்பட வேண்டியது மேல்பக்கத்துக்குத்தான். 1.2 மி.மீ. தடிமனில் பெரும்பகுதி அடியிலுள்ள பிளாஸ்டிக். பதிவைத் தாங்கும் சாயமும் உலோகப் பூச்சும் லேபிளுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய வார்னிஷை மட்டும் நம்பி இருக்கின்றன. அங்கே கீறினால் போச்சு. டிவிடியில் அந்தப் பதிவு அடுக்கு இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தேவலை.

அதனால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள் (ஒட்டியிருந்தால் பிய்க்கவே வேண்டாம், பூச்சும் கூடவே வரும்). துடைக்கும்போது மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, சுற்றிச் சுற்றி அல்ல. வட்டமாக விழும் கீறல், பதிவு சுற்றிச் செல்லும் தடத்தோடு ஓடி நிறையத் தகவலைத் தின்றுவிடும், குறுக்குக் கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், சாயம் வெளுக்கும்.

ஒரு டிரைவில் படிக்கவில்லை என்றால் உடனே குப்பையில் போடாதீர்கள், வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், லென்ஸில் தூசி இருந்தாலும் இதே கதைதான். அப்புறம், ஓடியதும் முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.